ஊழியக் கூலியும் உதிரக் கடனும்

வருஷந்தோறும் டிசம்பர் மாதம் 7-ந் தேதி நம் தேசத்தில் கொடிநாள் கொண்டாடப்படுகிறது. 1949 முதல் நடந்து வரும் இந்த வழக்கத்தின்படி, பள்ளிக்கூடங்களிலும் கச்சேரிகளிலும் கடைவீதிகளிலும் உண்டியல் குலுக்கப்படுகிறது. காசு போட்டவர் சட்டையில் ஒரு சிறு கொடி குத்தப்படுகிறது. வசூலாகும் பணம் முன்னாள் படைவீரர் நலனுக்குச் செல்கிறது. நல்ல காரியம்தான், அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஒரு நாள் தர்மத்தைக் காட்டி வருஷம் முழுவதற்குமான கடமையை மறைத்துவிட யாரும் எண்ணக் கூடாது. போர்க்களத்தில் காலையோ கையையோ கண்ணையோ இழந்து வீடு திரும்பியவனுக்குத் தேசம் கொடுக்க வேண்டியது பிச்சையன்று, இனாமுமன்று. அது கடன். கடனைத் தீர்ப்பவன் கணக்கைச் சரியாகப் பார்த்துத் தீர்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் இரண்டு பத்திகள் இருக்கின்றன என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம். சிப்பாய் இத்தனை வருஷம் உழைத்தான். அதற்கு ஓய்வூதியம் உண்டு. அது அவன் சம்பாதித்த கூலியில் பின்னால் தருவதாக நிறுத்தி வைத்த பங்கு. சிப்பாயின் உடல் போரில் சிதைந்தது. அதற்கு ஈடு உண்டு. அது அவனிடமிருந்து தேசம் எடுத்துக்கொண்டதற்கு விலை. முன்னது உழைப்புக்கு, பின்னது இழப்புக்கு. ஒன்றைக் கொடுத்துவிட்டோம் என்று மற்றொன்றைக் குறைப்பதும், இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று நிர்ப்பந்திப்பதும் நியாயமாகா.

இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதன்று. நம் பழைய வழக்கத்தில் ஊழியம் செய்பவனின் ஜீவனத்துக்காக விடப்பட்ட நிலத்துக்குச் சீவிதம் என்று பெயர். சேதுபதிகள் ஆண்ட ராமநாதபுரம் சீமையில் படைவீரர்கள் பெரும்பாலும் இப்படி நிலத்தை அனுபவித்துக்கொண்டே, அழைப்பு வந்தபோது ஆயுதம் எடுத்தார்கள். யுத்தத்தில் உயிர் துறந்தவனின் சந்ததிக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்துக்கோ உதிரப்பட்டி என்று பெயர். ஊழியத்துக்கு ஒரு பெயரும் உதிரத்துக்கு வேறொரு பெயரும் வைத்த நம் முன்னோர், இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பவில்லை. எழுத்தறிவும் கணக்கதிகாரிகளும் மலிந்த இக்காலத்தில் நாம் அதைவிடத் தெளிவாக இருக்க வேண்டாமா?

ராமநாதபுரம் ஜில்லா இந்தப் பிரச்னையைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஜில்லா அன்று. பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் கிராமங்கள் இங்கே பல. 2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிரிழந்த இருபது இந்திய வீரர்களுள், திருவாடானை தாலுகா கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அவருக்கு வீர சக்ர விருது மரணத்துக்குப் பின் வழங்கப்பட்டது. 1987 முதல் 1990 வரை பாக் ஜலசந்திக்கு அப்பால் இலங்கையில் நின்ற இந்திய அமைதிப் படையில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களைவிட அதிகம் பேர் காயப்பட்டுத் திரும்பினார்கள். 1999-ல் கார்கில் மலைகளிலும் அப்படியே. மாண்டவர்களுக்கு நடுகல்லும் நினைவு நாளும் உண்டு. காயப்பட்டவர்களுக்கு அவை கிடையா. அவர்கள் கோலூன்றி நம்மிடையே நடக்கிறார்கள். ஆகையால் அவர்களை மறப்பது நமக்கு எளிதாகிவிடுகிறது.

இந்தக் கடற்கரையில் உடல் ஊனமென்பது என்ன பொருள் தருமென்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையில் காலிழந்த ஒருவன் ஏதோ ஓர் அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து பிழைக்க வழி தேடலாம். இங்கே உள்ள தொழில்கள் எவை? பாம்பனிலும் ராமேசுவரத்திலும் படகும் வலையும், சாயல்குடிப் பக்கம் பனையேற்றம், வாலிநோக்கத்தில் உப்பளம், முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் வானம் பார்த்த மிளகாய்க் காடும் கருவேலங்கரி மூட்டமும். இவற்றுள் எதை எடுத்தாலும் இரண்டு கால்களும் இரண்டு கைகளும் முழுமையாக வேண்டும். ஒற்றைக் காலோடு கரைவலை இழுக்க முடியாது. ஒரு கையோடு பனையேற முடியாது. புனாவில் 1944-ல் ஏற்பட்ட ராணுவச் செயற்கை அவயவ நிலையம் அருமையான தொண்டு செய்கிறது. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணைக்கென்று உருவாக்கிய இலேசான பொருளைக் கொண்டு, போலியோ கண்ட குழந்தைகளின் கால்தாங்கிகளைச் சில கிலோ எடையிலிருந்து சில நூறு கிராமாகக் குறைக்கச் செய்தார். விஞ்ஞானம் இவ்வளவும் செய்யும். நின்றுபோன சம்பாத்தியத்தை அதனால் திருப்பித் தர முடியாது. அதைச் செய்ய வேண்டியது சர்க்கார்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. நம் தேசத்து விதிகள் அடிப்படையில் நேர்மையானவையே. ஊனத்தின் காரணமாக ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவனுக்குரிய பென்ஷனில் ஊழியப் பகுதி என்றும் ஊனப் பகுதி என்றும் இரண்டு பகுதிகள் உண்டு. 2001 ஜனவரி 31-ந் தேதியிட்ட ராணுவ இலாகா ஆணை இதற்குரிய வகைகளை ஐந்தாகப் பிரித்தது. யுத்தத்தில் பகைவர் செயலாலோ, எல்லை மோதலிலோ, அந்நிய நாட்டில் அமைதி காக்கும் பணியிலோ, கண்ணி வெடியிலோ ஏற்பட்ட காயம் ஐந்தாவது வகையில் சேரும். அதற்குரியது போர்க்காயப் பென்ஷன். சாதாரண ஊனம் நூற்றுக்கு நூறாக இருந்தால் ஊனப் பகுதி சம்பளத்தில் நூற்றுக்கு 30. போர்க்காயமோ நூற்றுக்கு நூறாக இருந்தால், வெளியேற்றப்பட்ட வீரனுக்கு அந்தப் பகுதி சம்பளம் முழுவதுமே. ஊனம் 50-க்குக் குறைந்திருந்தால் அதை 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேற்பட்டால் 100 என்றும் கொள்ள வேண்டும். வைத்தியக் குழுவுக்கு வைத்தியக் குழு ஊனத்தின் அளவு மாறுபடுவதால் சிப்பாய் நஷ்டமடையக் கூடாதென்பதே இதன் நோக்கம்.

குறை எங்கே? காயப்பட்ட பின்னும் ராணுவத்தில் தொடர்ந்து உழைத்தவன் விஷயத்தில்தான் குறை. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் சம்பளம் உள்ள இரண்டு சிப்பாய்கள் ஒரே கண்ணிவெடியில் காயப்படுகிறார்கள். இருவருக்கும் ஊனம் நூற்றுக்கு 50-க்குச் சற்றுக் குறைந்திருந்து, மேற்சொன்ன விதிப்படி 50 என்று கொள்ளப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவன் உடனே வெளியேற்றப்படுகிறான். அவனுக்கு ஊழியப் பகுதி 20,000, போர்க்காயப் பகுதி 20,000, ஆக 40,000. மற்றவன் வீட்டுக்குப் போக மறுத்து, பொய்க்காலோடு பண்டகசாலையிலோ பயிற்சி முகாமிலோ உழைத்துத் தவணை முடித்து ஓய்வு பெறுகிறான். இவனுக்குப் போர்க்காயப் பகுதியை முழுச் சம்பளத்தின்மேல் கணக்கிடுவதில்லை. சம்பளத்தில் நூற்றுக்கு 60-ஐ அடிப்படையாக வைத்தே கணக்கிடுகிறார்கள். கடைசிச் சம்பளம் அதே 40,000 என்றே கொண்டால், இவனுக்குக் காயப் பகுதி 12,000. இடையில் சம்பளம் வாங்கினானே என்பார்கள். வாங்கினான், உழைத்ததற்கு வாங்கினான். காலை இழந்ததற்காக வாங்கவில்லை. ஒரே வெடி, ஒரே ஊனம், இரண்டு விலை. தொடர்ந்து உழைக்க முன்வந்த குற்றத்துக்கு அபராதம்போல இது தோன்றவில்லையா?

இதைவிடக் கடினமான நிபந்தனை ஒன்றும் உண்டு. காயத்தோடு ராணுவத்தில் தொடர்பவன், காயத்துக்கு ஈடாக அப்போதே ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டால், ஓய்வு பெறும்போது காயப் பகுதிக்கு அவனுக்குப் பாத்தியதை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து வந்தவனுக்கு வீட்டில் கடன் இருக்கும், தங்கைக்குக் கலியாணம் இருக்கும், கூரை ஒழுகும். அந்த நிலையில் இன்றைய மொத்தத் தொகையா, இருபது வருஷத்துக்குப் பின் வரும் மாதப் பணமா என்று கேட்டால் அவன் எதைச் சொல்லுவான்? அவசரத்தில் இட்ட ஒரு கையெழுத்து ஆயுள் முழுவதையும் கட்டிவிடுகிறது. இதைச் சுதந்திரமான தேர்வென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இந்த மனப்பான்மை வேறிடங்களிலும் தலைகாட்டியிருக்கிறது. 2019 ஜூன் 24-ந் தேதி வருமான வரி இலாகா ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஊனப் பென்ஷனுக்கு உள்ள வரிவிலக்கு, ஊனத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே உண்டு. தவணை முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்றது அது. 2023 செப்டம்பரில் வந்த புதிய தகுதி விதிகள், ஊனத்தோடு தொடர்ந்து உழைத்து ஓய்வு பெறுவோருக்கு உரியதை ஊனப் பகுதி என்று கூறாமல், பழுது நிவாரணம் என்று வேறு பெயரிட்டு அழைத்தன. நிவாரணமென்பது வெள்ளத்திலும் பஞ்சத்திலும் இரங்கிக் கொடுப்பது. கடனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நியாயஸ்தலங்கள் இவ்விஷயத்தில் சிப்பாயின் பக்கம் நின்றிருக்கின்றன என்பது ஆறுதலளிக்கிறது. தரம்வீர் சிங் என்னும் சிப்பாய் 1985-ல் ராணுவத்தில் சேர்ந்து, வலிப்பு நோய் கண்டதால் 1994-ல் வெளியேற்றப்பட்டார். அந்நோய்க்கும் ஊழியத்துக்கும் சம்பந்தமில்லை என்று பென்ஷன் மறுக்கப்பட்டது. 2013-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறியது. சேரும்போது தேகசௌக்கியமுள்ளவன் என்று சர்க்காரே எழுதி எடுத்துக்கொண்டவன் பின்னர் நோயுற்றால், அது ஊழியத்தால் வந்ததன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு சர்க்காரையே சாரும் என்பது தீர்ப்பின் சாரம். வெளியேற்றத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 19 வருஷங்கள்! மறுவருஷம், 2014 டிசம்பர் 10-ந் தேதி, ராம் அவதார் வழக்கில், ஊன அளவை 50, 75, 100 என்று உயர்த்திக் கொள்ளும் சலுகை தவணை முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டென்று அதே கோர்ட் கூறி, சர்க்கார் போட்டிருந்த நூற்றுக்கணக்கான அப்பீல்களைத் தள்ளியது. நூற்றுக்கணக்கான அப்பீல்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஓர் ஊனமுற்ற மனிதன் நின்றான். வக்கீலுக்குத் தன் பென்ஷனிலிருந்து பணம் கொடுத்துக்கொண்டு நின்றான்.

பிற தேசங்களிலும் இந்தக் குழப்பம் இருந்ததை நாம் அறிவோம். ஐக்கிய அமெரிக்காவில் 1891-ல் ஏற்பட்ட சட்டம் ஓய்வூதியத்தையும் ஊன ஈட்டையும் ஒருசேர வாங்கலாகாது என்று தடுத்தது. ஒரு டாலர் ஈடு வந்தால் ஓய்வூதியத்தில் ஒரு டாலர் குறையும். நூறு வருஷங்களுக்கு மேல் சென்றபின், 2004 முதல், 20 வருஷ ஊழியமும் நூற்றுக்கு 50-க்குக் குறையாத ஊனமும் உடையவர்களுக்கு மட்டும் அத்தடை படிப்படியாக நீக்கப்பட்டது. ஆனால் 20 வருஷம் நிறைவதற்குள் போரில் காயப்பட்டு அனுப்பப்பட்டவர்கள் அந்தச் சலுகைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அதிகம் இழந்தவனுக்குக் குறைவாகக் கொடுக்கும் விநோதம் இது! போர்க்களத்து நச்சுப்புகையால் வந்ததென்று கருதப்பட்ட நுரையீரல் புற்றுநோயால் 2021-ல் இறந்த மேஜர் ரிச்சர்டு ஸ்டார் என்பவரின் பெயரால் இதைத் திருத்தும் மசோதா அந்நாட்டுச் சட்டசபையில் பன்முறை கொண்டுவரப்பட்டது. கட்சி பேதமின்றிப் பலர் ஆதரித்தும், செலவு அதிகமாகுமென்ற ஒரே காரணத்தால் அது ஆண்டுக்காண்டு தள்ளிப்போயிற்று. உலகத்திலேயே பெரிய ராணுவச் செலவு செய்யும் தேசத்தின் வாயில் இந்தக் காரணம் வந்தது என்பதை நாம் பாடமாகக் கொள்ள வேண்டும்.

இங்கும் இரண்டு ஆட்சேபங்கள் எழுப்பப்படும். முதலாவது, பணம். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ராணுவப் பென்ஷனுக்கு ஒதுக்கிய தொகை 1,60,000 கோடி ரூபாய்க்கு மேல் என்பது மெய்யே. ஆனால் அதில் போரில் அங்கமிழந்தவர்களுக்குப் போவது சிறு பகுதி. யுத்தத்துக்கு ஆயுதம் வாங்கும்போது பேசாத சிக்கனத்தை, யுத்தத்தில் காலிழந்தவனைக் கண்டதும் பேசத் தொடங்குவது அழகன்று.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் ஆழ்ந்தது; அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் காட்டி ஊனப் பென்ஷன் வாங்குவோர் தொகை பெருகிவிட்டதென்றும், சிப்பாய்களைவிட அதிகாரிகளிடையே அந்த விகிதம் இருமடங்குக்கு மேலென்றும் தலைமைத் தணிக்கையாளர் 2023-ல் சுட்டிக்காட்டினார். துஷ்பிரயோகம் இருந்தால் அதைத் தடுக்கட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. பனிமலையிலும் பாலைவனத்திலும் வருஷக்கணக்கில் காவல் நின்றவனுக்கு வரும் நோயெல்லாம் சோம்பலால் வந்ததென்று சொல்லிவிடவும் முடியாது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். எப்படியாயினும், குண்டு துளைத்த முழங்காலில் என்ன துஷ்பிரயோகம்? களைக்கு அஞ்சிப் பயிரை அறுப்பது விவசாயமன்று.

புதிதாக முளைத்துள்ள கவலை ஒன்றையும் கூறாதிருக்க முடியாது. 2022 ஜூன் 14-ந் தேதி அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேரும் இளைஞனுக்கு ஊழியம் நான்கு வருஷம். நால்வரில் ஒருவனுக்கே அதற்குமேல் நிலைத்த வேலை என்பது ஏற்பாடு. மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. ஊழியத்தால் ஊனமுற்றால், நூற்றுக்கு நூறு ஊனத்துக்கு 44 லட்சமும், 75-க்கு 25 லட்சமும், 50-க்கு 15 லட்சமும் ஒரே தடவை கொடுக்கப்படும். மிச்சத் தவணையின் சம்பளமும் சேவா நிதியும் கூட உண்டு. தொகை பெரிதாகத் தோன்றலாம். இருபத்திரண்டு வயதில் காலிழந்த ஒரு பையன், அந்த 15 லட்சத்தை நூற்றுக்கு 6 வட்டியில் போட்டால் மாதம் 7,500 ரூபாய் வரும். நாற்பது வருஷம் சென்றாலும் அதே 7,500-தான். விலைவாசியோடு ஏறும் பஞ்சப்படி அதற்குக் கிடையாது. அவனோடு அதே பள்ளத்தில் காயப்பட்ட பழைய முறைச் சிப்பாய் ஆயுள் முழுவதும் பஞ்சப்படியோடு போர்க்காயப் பென்ஷன் வாங்குவான். பகைவனின் குண்டு இருவரையும் வித்தியாசம் பார்க்கவில்லை. தேசம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? வேலையில்லாக் கொடுமையால் பட்டாளத்தை நாடும் நம் ஜில்லாப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்க உரிமையுடையவர்கள்.

இரக்கத்திலிருந்து உரிமைக்கு மாறுவது நம் தேசத்தால் முடியாத காரியமன்று. ராமநாதபுரம் சீமையிலிருந்து மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போனவர்களில் எத்தனையோ பேர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்களும் பிற தியாகிகளும் பயன்பெற 1972-ல் மத்திய சர்க்கார் பென்ஷன் திட்டம் ஏற்படுத்தியபோது, வருஷ வருமானம் 5,000 ரூபாய்க்கு உட்பட்ட ஏழைகளுக்கே அது என்று வரம்பு கட்டியது. 1980-ல் அந்த வரம்பை நீக்கி, இது உதவியன்று, கௌரவம் என்று கூறி யாவருக்கும் வழங்கியது. தியாகிக்குச் செய்த அந்த மரியாதையையே இன்று காயப்பட்ட சிப்பாய்க்கும் செய்யுமாறு கேட்கிறோம்.

இதில் தேசபக்தர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பென்ஷனைத் தீர்மானிக்கும் கணக்கு அலுவலகம் பிரயாக்ராஜில் இருக்கிறது. வழக்கிட வேண்டிய ராணுவ நியாயசபையின் கிளை சென்னையில் இருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒற்றைக் காலோடு ரெயிலேறிச் செல்பவன் எத்தனை வாய்தாவுக்குச் செல்வான்? ஆகவே ஒவ்வொரு தாலுகாவிலும் விஷயமறிந்த நாலு பேர் கூடி, காயப்பட்ட வீரர்களின் வெளியேற்றச் சீட்டையும் வைத்தியக் குழு அறிக்கையையும் வாங்கிப் பார்த்து, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். எந்த வகையில் தன் காயம் சேர்க்கப்பட்டது, உரிய அளவுக்கு உயர்த்தப்பட்டதா என்பதே தெரியாமல் வருகிறதை வாங்கிக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவருக்கு வழிகாட்டுவது மேடைப் பேச்சைவிடப் பெரிய தேசத்தொண்டு.

சர்க்காரிடம் நாம் கேட்பவை அதிகமல்ல. ஊழியத்துக்குரிய ஓய்வூதியமும் காயத்துக்குரிய ஈடும் தனித்தனி உரிமைகள் என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். வெளியேற்றப்பட்டவனாயினும் தொடர்ந்து உழைத்தவனாயினும் ஒரே போர்க்காயத்துக்கு ஒரே விகிதம் ஏற்பட வேண்டும். மொத்தத் தொகையை வாங்கினான் என்பதற்காக ஆயுள்கால ஈடு அழிந்துபோகக் கூடாது. வாங்கியதைத் தவணையில் கழித்துக்கொள்ளலாம். போரில் ஊனமுற்ற அக்னிவீரனுக்கும் ஆயுள் முழுவதும் காயப் பென்ஷன் வேண்டும். சுப்ரீம் கோர்ட் தீர்த்து வைத்த விஷயத்தில் மறுபடியும் அப்பீல் போடுவது நிற்க வேண்டும். ராணுவ நியாயசபை வருஷத்தில் சில வாரங்களாவது மதுரையில் வந்து அமர வேண்டும். தென்பாண்டிச் சீமையின் பாராளுமன்ற அங்கத்தினர்கள் எக்கட்சியினராயினும் இந்த ஆறு கோரிக்கைகளையும் அடுத்த கூட்டத்திலேயே ராணுவ மந்திரியின் முன் வைத்துத் தெளிவான பதில் பெற்று வர வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.